புறநோயாளி எழுந்துகொள்ளவும்

அந்த மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவு வாசலில் ஒரு பலகை தொங்கியது. 'ஐந்தே நிமிடம். மயக்க ஊசி இல்லை. அட்மிஷன் இல்லை. வரலாம், பார்த்துக்கொள்ளலாம், வீட்டுக்குப் போகலாம்.' கண்டக்டரம்மா அதை முதன்முதலாகப் படித்தபோது கொளுத்தும் வெயில் காலம். இப்போது மழை பிடித்துப் பலகையின் ஓரத்தில் பாசி படர்ந்துவிட்டது. அதில் கடைசியாகச் சொன்னது மட்டும் அவள் விஷயத்தில் தவறாமல் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அவள் வீட்டுக்குத்தான் போனாள்.

அடக்கிக்கொள்வது அவளுக்குப் புதிதல்ல. பஸ்ஸில் டிக்கெட் கிழிக்க ஆரம்பித்த நாளிலிருந்து அதுதான் பழக்கம். எந்த நிறுத்தத்தில் கழிப்பறை உண்டு, அதில் எதற்குத் தாழ்ப்பாள் உண்டு என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. டிரைவர் சுவரைக் கண்ட இடத்தில் இறங்கிக்கொள்வார். அவள் தண்ணீரைக் குறைத்துக்கொள்வாள். ஒரு பஸ் நிறைய ஆட்களை நகரச் சொல்லி அதட்டும் குரல், 'கொஞ்சம் நிறுத்துங்க, நான் போயிட்டு வரணும்' என்று சொல்ல மட்டும் ஒருநாளும் எழுந்ததில்லை. அப்படி அடக்கியதில் எது சிறுநீர், எது வார்த்தை என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமும் இருந்ததில்லை.

ஒருநாள் டிப்போ கழிப்பறையில் தண்ணீர் ஊற்றுமுன் குனிந்து பார்த்தாள். சிவப்பு. மாதவிலக்கு நின்று வருஷக்கணக்காகிவிட்டது. வலியும் இல்லை. தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வந்து, அடுத்த டிரிப்புக்குப் போய்விட்டாள். சில வாரங்கள் கழித்து வீட்டிலேயே அப்படி ஆனபோது நாத்தனார் பார்த்துவிட்டாள். அழகுநிலையம் நடத்துகிறவள். எதையும் உற்றுப் பார்க்கிற கண்.

"அண்ணி, என்ன இது?"

"பீட்ரூட் சாப்பிட்டேன்."

"இந்த வீட்ல சமைக்கறது நான். பீட்ரூட் வாங்கியே ஒரு மாசமாச்சு."

அன்றே பக்கத்துத் தெரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் விஷயத்தை எளிதாகத்தான் சொன்னார். "வலியில்லாம ரத்தம் வந்தா விடக் கூடாதும்மா. உள்ள கட்டி கிட்டி இருக்கான்னு பாத்துடணும். மெல்லிசா, வளையற மாதிரி ஒரு குழாய், முனையில கேமரா. மரத்துப்போற ஜெல் தடவி, சிறுநீர் வர்ற வழியாவே விட்டுப் பாப்பாங்க. படுத்து எழுந்தா முடிஞ்சுது. அஞ்சு நிமிஷ வேலை."

வீடு திரும்பும்போது அவள் மனதில் கட்டி நிற்கவில்லை, கிட்டி நின்றது. கட்டி என்றால் ஒரு பொருள். அளவு இருக்கும், இடம் இருக்கும். அந்தக் கிட்டிக்குத்தான் அளவே தெரியவில்லை. பார்த்துவிட்டால் போதும், எதுவானாலும் சரி என்று தோன்றியது. அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் அவள் பெரிய மருத்துவமனைக்கு வந்தாள்.

காத்திருக்கும் கூடத்தில் இரண்டு வகை மனிதர்கள் இருந்தார்கள். அடக்க முடியாதவர்கள், வராமல் தவிப்பவர்கள். கூடத்தின் மூலையில் ஒரு கழிப்பறையும் இருந்தது. அது பூட்டியிருந்தது. அதற்கு முன்னால் நாற்காலி போட்டு, சாவியை விரலில் சுழற்றியபடி ஒரு காவலாளி உட்கார்ந்திருந்தார்.

"யூரின் மாதிரி பாட்டில் இருக்கா?" என்றார்.

"இல்லைங்க. அவசரம்."

"அவசரத்துக்கு மூணாவது மாடி. இது சோதனைக்கு மாதிரி எடுக்கறவங்களுக்கு மட்டும்."

"லிஃப்ட் எங்க இருக்கு?"

"லிஃப்ட் ஸ்ட்ரெச்சருக்கு. நீங்க ஓ.பி. தானே? ஓ.பி.ன்னா நடக்கறவங்க."

நாத்தனார் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "கக்கூஸுக்குக் காவலா? உள்ளேருந்து எதைத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயம்?"

காவலாளி கோபித்துக்கொள்ளவில்லை. பதில் அவரிடம் தயாராக இருந்தது. "எல்லாரும் போயிட்டாங்கன்னா, மாதிரி கேக்கறப்ப வரலைம்பாங்க. இந்தப் பிரிவுக்கே ஆதாரம் அதுதானேம்மா. வீணாக்க விடக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு."

பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர், ஓய்வுபெற்ற தபால்காரர், கண்டக்டரம்மாவைப் பார்த்து மெல்லச் சிரித்தார். "நான் காலையிலேர்ந்து ஏறி இறங்கிட்டே இருக்கேன். ஏறிப் போனா அங்க வர மாட்டேங்குது. இறங்கி வந்தா இங்க வந்துடுது."

அன்று அவளுக்குப் பாட்டில் கொடுத்தார்கள். சிறுநீரில் கிருமி இல்லை என்று தெரிந்தால்தான் குழாய் விடுவார்கள். நியாயம்தான். கிருமி இல்லை என்றும் வந்துவிட்டது. ஆனால் அந்த முடிவு ஒரு வாரத்துக்குத்தான் செல்லும். சோதனைக்குக் கிடைத்த தேதியோ அடுத்த மாதத்தின் கடைசியில் இருந்தது. அந்தத் தேதியில் போய் நின்றபோது, முடிவு காலாவதியாகிவிட்டது என்று புதிதாக ஒரு பாட்டில் கொடுத்தார்கள். கூடவே புதிதாக ஒரு தேதியும். அதுவும் அடுத்த மாதத்தின் கடைசியில்.

"பாட்டிலை அன்னைக்குக் காலையில வாங்கினா என்ன?" என்று நாத்தனார் கேட்டாள்.

"தேதி வாங்கணும்னா முடிவு இருக்கணும்," என்றது கவுண்ட்டர்.

நாத்தனார் கத்தினாள். கண்டக்டரம்மா கத்தவில்லை. தனக்கு ஏன் கோபம் வரவில்லை என்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தாள். நேற்றைய டிக்கெட்டில் இன்றைக்கு ஏற முடியாது என்று எத்தனை பேரை இறக்கிவிட்டிருக்கிறாள். கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தியைக்கூட. அவர்களும் இப்படித்தான் பேசாமல் இறங்கிப் போனார்கள். விதி என்று சொல்லிவிட்டால் மனிதர்களுக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. அந்த மரியாதைக்குள் அவள் அத்தனை வருஷம் சம்பளம் வாங்கியிருந்தாள். இப்போது அதே மரியாதை அவள் வயிற்றுக்குள் சிவப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது.

மூன்றாவது பாட்டிலின்போதுதான், அவள் இன்னும் பயம் நீக்கும் வகுப்புக்கே போகவில்லை என்பது தெரியவந்தது.

வகுப்பு நடத்தியவர் ஓர் ஆலோசகர் பெண். இடுப்புக்குக் கீழே உள்ள உடம்பு மட்டும் பிளாஸ்டிக்கில் அவர் மேசைமேல் உட்கார்ந்திருந்தது. குழாயைத் தன் விரலில் சுற்றிக் காட்டினார். "பாருங்க, எவ்வளவு சாதுவா வளையுது. எங்க குழாய் வளைஞ்சு கொடுக்கும். நீங்களும் கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கணும்." பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார். "பூஜ்யம்னா பயமே இல்லை. பத்துன்னா தாங்க முடியாத பயம். உங்க பயம் எத்தனை?"

கண்டக்டரம்மாவிடம் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. கணவர் கேட்டதில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டவர் ஆவலோடு பார்ப்பதாகத் தெரிந்தது. அதனால் உள்ளே எட்டிப் பார்த்து உண்மையைச் சொன்னாள். "எட்டு இருக்கும்."

ஆலோசகர் உடனே ஒரு சீட்டு எழுதி நீட்டினார். மூன்றுக்கு மேல் போனால் மனநலப் பிரிவு. அங்கே இருந்த டாக்டர் நல்ல மனிதர்.

"எதுக்குப் பயம்?"

"உள்ள என்ன இருக்குன்னு தெரியலைங்க."

"தெரிஞ்சா பயம் போயிடுமா?"

"போயிடும்னுதான் நினைக்கிறேன்."

"அப்ப அந்தச் சோதனையைப் பண்ணிடுங்களேன்."

"பயம் போனாத்தான் பண்ணுவாங்களாம்."

அவர் தூக்க மாத்திரை எழுதினார்.

அடுத்த வகுப்பில் அவள் உஷாராக, "பூஜ்யம்," என்றாள். ஆலோசகர் வருத்தத்தோடு தலையாட்டினார். "பூஜ்யம் சொல்றவங்க பாடத்தைக் கவனிக்கலைன்னு அர்த்தம். இன்னொரு தடவை உக்காருங்க."

வெளியே தபால்காரர் ரகசியம் போலச் சொன்னார். "ரெண்டுன்னு சொல்லுங்கம்மா. நான் ரெண்டு சொல்லித்தான் தேறினேன். ஒண்ணு சொன்னா திமிர்னு நினைக்கறாங்க. மூணு சொன்னா யோசிக்கறாங்க."

வீட்டில் நாத்தனார் ஒத்திகை வைத்தாள். காய் நறுக்கிக்கொண்டே திடீரென்று திரும்பி, "பயம் எத்தனை?" என்பாள். "ரெண்டு." "முகத்தைப் பாருங்க அண்ணி, ஆறு சொல்றவ மாதிரி இருக்கு. நம்பவே மாட்டாங்க. இன்னொரு தடவை."

பொய் சொல்வதில் அவளுக்குச் சங்கடம் இருந்தது. அதனால் இரண்டு என்கிற அளவில் தன்னிடம் நிஜமாகவே ஏதாவது பயம் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தாள். சில்லறை எண்ணும்போது பயம் இருக்காது. மருத்துவமனை நிறுத்தத்தில் பஸ் நிற்கும்போது ஒன்பதுக்கு ஏறும். யாராவது இருக்கையை விட்டு எழுந்தபின் அதில் ஈரம் தெரிந்தால் பத்து. மகன் வெளியூரிலிருந்து போன் செய்து, "நல்லாதானே இருக்க?" என்றால், எண்ணிக்கையே நின்றுபோகும். அதற்கு எண்ணே கிடையாது. கடைசியில் ஒருநாள் டிப்போவுக்குப் போகிற வழியில் கண்டுபிடித்தாள். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்கிற பயம். அதுதான் சரியாக இரண்டு.

மூன்றாவது வகுப்பில் அவள் அடுப்பை மனதில் நிறுத்திக்கொண்டு, "ரெண்டு," என்றாள். ஆலோசகரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, உங்க பயத்தை நாங்க போக்கிட்டோம்."

இதற்கிடையே அந்த ஐந்து நிமிடச் சோதனைத் திட்டத்துக்கு ஓர் ஆண்டு நிறைந்து விழா வந்தது. அன்றைக்கு வந்த நோயாளிகள் எல்லோரையும் கூடத்தில் வரிசையாக உட்காரவைத்தார்கள். கைதட்ட ஆள் வேண்டும். பிரிவின் தலைமை டாக்டர் மேடையேறினார். உயரமான மனிதர். இஸ்திரி கலையாத வெள்ளைக் கோட்டு.

"ஐந்து நிமிடச் சோதனை என்று சொன்னோம். இன்றுவரை அதில் ஒரு விநாடிகூட நாங்கள் கூட்டவில்லை," என்று ஆரம்பித்தார். "சில இடங்களில் நோயாளி வாசலில் கால் வைத்த உடனேயே காத்திருக்கும் நேரத்தை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். இது விஞ்ஞானமல்ல. வாசலில் நிற்பவர் நோயாளியா, நோயாளிக்குத் துணையாக வந்தவரா, யாருக்குத் தெரியும்? நம் முறையில், ஒருவர் மேசைமேல் படுத்த பிறகே காத்திருக்க ஆரம்பிக்கிறார். அதனால்தான் நம் பிரிவில் காத்திருப்பு நேரம் பூஜ்யம்."

ஊழியர்கள் தட்டினார்கள். நோயாளிகளும் தட்டினார்கள்.

"முன்பெல்லாம் சோதனை முடிந்ததும் டாக்டர் நோயாளியிடம் பேசிக்கொண்டிருப்பார். நோயாளி கேள்வி கேட்பார். சிலர் அழுவார்கள். மேசை காலியாகாது. ஆராய்ந்து பார்த்தோம். தாமதத்துக்குக் காரணம் சோதனையல்ல, நோயாளிதான் என்று தெரிந்தது. ஆகவே பேச்சைத் தனியாகப் பிரித்தோம். முடிவு சொல்வதற்கென்று ஒரு பிரிவு, அதற்கென்று ஒரு தேதி. இத்தனை மாதம் ஆகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். நோய்க்கு அவசரம் இருந்தால் அது தானாகவே அவசரப் பிரிவுக்குப் போய்விடும். நம்மிடம் இருப்பவர்கள் காத்திருக்கக்கூடியவர்கள். காத்திருந்து, அதை அவர்களே நிரூபித்திருக்கிறார்கள்."

தபால்காரர் எழுந்தார். காவலாளி தூரத்திலிருந்தே கையைக் காட்டி உட்காரச் சொன்னார். பேச்சு முடியட்டும். தபால்காரர் உட்கார்ந்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி எழுந்தார். மறுபடி கை. கண்டக்டரம்மாவுக்கு அந்தத் தவிப்பு ஒவ்வொரு நரம்பிலும் தெரியும். தன் கால்விரல்கள் மடங்குவதை உணர்ந்தாள். பிறகு தபால்காரர் எழுந்திருக்க முயற்சி செய்யவில்லை. மடியில் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு, ஒரு குழந்தை போலத் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

மேடையிலிருந்து தலைமை டாக்டரின் கண் நாற்காலிக்கடியில் விழுந்தது. "யாரோ தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள். துடைக்கச் சொல்லுங்கள்," என்றார்.

சிறுநீரகப் பிரிவில் அன்று கூடியிருந்த இத்தனை வல்லுநர்களில் ஒருவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை.

நாத்தனார் தன் துப்பட்டாவை எடுத்துத் தபால்காரரிடம் கொடுத்தாள். "சுத்திக்கங்க. நான் வாசல்ல ஆட்டோ நிறுத்தறேன்." அவள் குரலில் கிண்டல் இல்லாமல் கண்டக்டரம்மா கேட்டது அன்றுதான். தனக்கு அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வேறொன்று வந்தது. அது பயம் இருந்த இடத்தில் பயத்தை நகர்த்திவிட்டு உட்கார்ந்தது. அதை அளக்க அந்த மருத்துவமனையில் வகுப்பு எதுவும் இருக்கவில்லை.

அவளுடைய நாள் வந்தது. இந்த முறை பாட்டிலும் வகுப்பும் தேதியும் ஒன்றோடொன்று ஒத்துப்போய்விட்டன. எப்படி என்று கவுண்ட்டருக்கே புரியவில்லை. நாத்தனாரை வாசலோடு நிறுத்திவிட்டார்கள்.

அறை சின்னது. ஒரு மேசை, ஒரு திரை, சுவரில் ஒரு கடிகாரம். படுத்தவுடன் கண்ணில் படும்படி கூரையில் ஒட்டியிருந்தது: 'சோதனை முடிந்ததும் புறநோயாளி எழுந்துகொள்ளவும்.'

"முடிஞ்சதும் உடனே எழுந்துடணும்மா," என்றாள் நர்ஸ், அவள் கால்களைத் துணியால் மூடிக்கொண்டே. "ரொம்ப நேரம் படுத்திருந்தா கம்ப்யூட்டர் உங்களை அட்மிஷன்னு எடுத்துக்கும். பெட் நம்பர் கேக்கும். எங்ககிட்ட பெட் கிடையாது."

தலைமை டாக்டரே வந்தார். கடிகாரத்தை அழுத்தினார். ஜெல் சில்லென்று இருந்தது. பிறகு குழாய். வலி என்று சொல்ல முடியாது. எரிச்சலும், போகவேண்டும் என்கிற பழைய தவிப்பும். உள்ளே தண்ணீர் நிரம்ப நிரம்ப, திரையில் இளஞ்சிவப்பாக ஓர் அறை விரிந்தது. சுவரெல்லாம் இலை நரம்புகள் போல மெல்லிய சிவப்புக் கோடுகள். மேலே ஒரு காற்றுக்குமிழி மிதந்தது. இத்தனை வருஷம் இறுக்கிப் பிடித்து வைத்திருந்த இடம் இதுதானா என்று பார்த்தாள். அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

குழாய் வளைந்து திரும்பியது. இடது சுவரில் ஏதோ ஒன்று நீர்ப்பாசி போல அசைந்தது. கேமரா அதைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்து அதனருகே சற்று நேரம் இருந்தது. பிறகு எல்லாம் மங்கலாகி, திரை கறுப்பாகிவிட்டது.

"முடிஞ்சுது. அஞ்சு நிமிஷம் ஆகறதுக்கு முன்னாடியே," என்றார் தலைமை டாக்டர். "எழுந்துக்கங்க."

"அது என்னதுங்க?"

"எது?"

"ஓரமா ஆடிட்டு இருந்துதே."

"அதெல்லாம் முடிவு சொல்ற பிரிவுல சொல்லுவாங்க. வெளிய தேதி தருவாங்க."

"பாத்தது நீங்கதானே?"

"பாக்கறது என் வேலை. சொல்றது அவங்க வேலை."

"அவங்க பாக்கலையே."

"அதனாலதான் அவங்களால நிதானமா சொல்ல முடியும்," என்றார் பொறுமையாக.

கண்டக்டரம்மா எழுந்திருக்கவில்லை.

முதலில் அது ஒரு முடிவாகக்கூட இல்லை. எழுந்திருக்க வேண்டிய கை எழவில்லை, அவ்வளவுதான். எழுந்தால் கதவு, கதவுக்கு வெளியே கவுண்ட்டர், கவுண்ட்டரில் ஒரு தேதி. அந்தத் தேதிவரை, அசைந்தாடும் அந்த ஒன்றைச் சுமந்துகொண்டு, எதுவும் தெரியாதவளாக அவள் டிக்கெட் கிழிக்க வேண்டும். கூரையைப் பார்த்தாள். உடம்பு லேசாக இருந்தது.

"அம்மா," என்றாள் நர்ஸ். கடிகாரத்தின் விளக்கு சிவப்பானது. எங்கோ ஒரு மணி விட்டு விட்டு ஒலித்தது.

"எழுந்திருங்கம்மா, வெளிய எத்தனை பேர் காத்துட்டு இருக்காங்க," என்றார் தலைமை டாக்டர்.

"அவங்க இன்னும் காத்திருக்க ஆரம்பிக்கலைங்க. படுத்தாத்தானே கணக்கு."

அவர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "சார், பெட் நம்பர் கேக்குது."

"பாருங்கம்மா. உங்களைப் பாத்தா விவரமானவங்களாத் தெரியுது. இப்படிப் பிடிவாதம் பிடிச்சா..."

"நான் கண்டக்டருங்க. ஆளை இறக்கிவிடறதுக்கு என்னென்ன பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும். நானே எல்லாத்தையும் பேசியிருக்கேன். உள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க, எழுந்துக்கறேன்."

மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டர் மறுபடி பெட் நம்பர் கேட்டது. தலைமை டாக்டர் கையுறையைக் கழற்றினார். ஒரு ஸ்டூலை இழுத்தார். ஓர் ஆண்டாக அந்த அறையில் டாக்டர் யாரும் உட்கார்ந்ததில்லை போலும், ஸ்டூலில் தூசி இருந்தது. உட்கார்ந்ததும் அவர் குரல் மாறியது. அதற்குள்ளேயும் எப்போதோ ஒரு டாக்டர் இருந்திருக்கிறார்.

"ஒண்ணு இருக்கும்மா. சின்னதுதான். இடது பக்கச் சுவர்ல. பாக்கறதுக்குக் கட்டி மாதிரிதான் தெரியுது. எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும். மேலாகத்தான் இருக்கும், ஆழமா இறங்கியிருக்காதுன்னு நினைக்கிறேன். அப்படின்னா எடுத்துட்டு, அப்பப்ப இதே குழாயை விட்டுப் பாத்துட்டே இருக்கணும். பெரும்பாலும் நல்லா இருப்பாங்க."

அவள் கேட்டுக்கொண்டாள். கட்டி. ஒன்று. சின்னது. இடது பக்கம். ஒவ்வொரு வார்த்தையும் தனக்கென்று ஓர் இடத்தில் போய் உட்கார்ந்தது. மாதக்கணக்காக மார்பில் நின்றுகொண்டிருந்த கிட்டி இறங்கிப் போய்விட்டது. மூச்சு ஆழமாக வந்தது.

"ஆனா ஒண்ணு சொல்றேன்," என்றார் அவர், எழுந்துகொண்டே, அக்கறையோடு. "இவ்வளவு நாள் விட்டிருக்கக் கூடாது. முதல் தடவை ரத்தம் வந்தப்பவே இங்க வந்திருக்கணும். ஜனங்களுக்கு விழிப்புணர்வே இல்லை."

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் ஒரே படிக்கட்டில் முண்டுவதைப் போல, கண்டக்டரம்மாவின் வாய்க்குள் பதில்கள் முண்டின. பூட்டிய கதவு, மூன்று பாட்டில், எட்டு, பூஜ்யம், இரண்டு, தபால்காரரின் கோத்த கைகள். அவள் ஒன்றையும் இறக்கவில்லை. துணியை மார்புவரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எடுக்கறது என்னைக்குங்க?"

"அது வேற பிரிவு. நீங்க எழுந்து, கீழ போய், அங்க ஒரு தேதி..."

"நீங்க போய்க் கேட்டுட்டு வாங்க," என்றாள் கண்டக்டரம்மா. "நான் படுத்திருக்கேன்."

தலைமை டாக்டர் கதவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், போனார். நர்ஸ் அலமாரியைத் திறந்து ஒரு தலையணையை எடுத்துவந்து, அவள் தலையைத் தூக்கி, கீழே வைத்தாள்.